முதலில் பேச வேண்டியவர்

பேராசிரியர் தணிகாசலம் சார் போய்விட்டார் என்று என் மகள் மல்லிகா போனில் சொன்னபோது, நான் மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருமுனையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன். "அம்மா, மாமா போயிட்டாரும்மா. தூக்கத்துலயே," என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துச் சிட்லபாக்கம் போனேன்.

உங்களுக்கெல்லாம் அவர் அரசியல் அறிவியல் பேராசிரியர், பிறகு பல்கலைக்கழகப் பதிவாளர். எனக்குச் சம்பந்தி. அவர் மகன் குமரன்தான் என் மருமகன். அவரிடம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் சேர்ந்து கொண்டுவரும் இந்த நினைவு மலரில் என்னையும் எழுதச் சொன்னவள் எங்கள் பேத்தி யாழினி. தாத்தாவின் பாடத்தையே எடுத்து எம்.ஏ. படிக்கிறாள். வகுப்பில் அவள்தான் முதல். இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

"நான் அஞ்சாவதுதாண்டி படிச்சிருக்கேன்," என்றேன்.

"அதனாலதான் பாட்டி. தாத்தா இருந்தா உன்னைத்தான் முதல்ல எழுதச் சொல்லியிருப்பாரு," என்றாள். அதற்குமேல் மறுக்க முடியவில்லை.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. சாவுக்கு வந்திருந்த உங்களில் சிலர் கிளம்பும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே பேசியது என் காதில் விழுந்தது. "ஆஸ்பத்திரியிலயே வெச்சிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரு சார். பையன் அவசரப்பட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டான்." பக்கத்தில்தான் குமரன் நின்றிருந்தார். அன்றிலிருந்து அவர் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முதலில் கல்யாணப் பேச்சிலிருந்து வர வேண்டும். குமரனும் மல்லிகாவும் ஒரே ஆபீசில் வேலை பார்த்து, தாங்களே முடிவு செய்துகொண்ட கல்யாணம். என் வீட்டுக்காரர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கலாசி, சாமான் தூக்கும் எடுபிடி வேலை. பேராசிரியர் வீட்டிலிருந்து பெண் கேட்டு வருகிறார்கள் என்று எதிர்வீட்டில் நாற்காலி வாங்கிப் போட்டோம். ஆண்கள் எல்லாரும் பேச்சைத் தொடங்கத் தொண்டையைச் செருமினார்கள். சம்பந்தி கையை உயர்த்தி, சமையலறைக் கதவோரம் நின்றிருந்த என்னைக் காட்டினார். "முதல்ல அம்மா பேசட்டும்."

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "அதுக்கு இன்னா சார் தெரியும்? நாம பேசுவோம்."

சம்பந்தி சிரிக்கவில்லை. அப்படியே காத்திருந்தார். அவர் தம்பி வாட்சைப் பார்த்தார். காபியில் ஆடை படிந்தது. கடைசியில் எனக்கே தாங்காமல், "எம் பொண்ணு வேலைய வுடக்கூடாது," என்றேன். அப்படி ஒரு வார்த்தை எனக்குள் இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சரிம்மா, அது முடிவாயிடுச்சு. அடுத்து யாரு?" என்றார் சம்பந்தி.

அது அவர் வேலை செய்யும் முறை என்று பிறகு தெரிந்துகொண்டேன். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையைத்தான் முதலில் கேட்பாராம். துறைக் கூட்டத்தில் தலைவருக்கு முன்னால் அட்டெண்டர் பேச வேண்டுமாம். "பெரியவன் பேசிட்டா மத்தவங்க தலையத்தான் ஆட்ட முடியும் சம்பந்தி. அப்புறம் அது கூட்டம் இல்ல, பஜனை," என்பார்.

பதிவாளர் ஆன பிறகு ஆள் இளைத்துப்போனார். ஞாயிற்றுக்கிழமை பேத்தியை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவருவார். உட்கார்ந்தால் கண் சொருகிவிடும். "இன்னா சம்பந்தி, அந்தப் பெரிய நாற்காலி குத்துதா?" என்று கேட்பேன். "நாற்காலி மெத்தைதான். உட்கார்றவன் முதுகுதான் போச்சு," என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர் காபியைத் தொடவே இல்லை. விடுதிக் கூட்டத்தில் வழக்கம்போல் சமையல்காரரை முதலில் பேசச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர், பிள்ளைகளுக்கு வரும் அரிசியில் புழு இருக்கிறது, அது எல்லாருக்கும் தெரியும் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அது அவர் பெயரோடு கூட்டக் குறிப்பில் ஏறியது. அரிசி மாறியது. சமையல்காரரையும் தூரத்து ஊருக்கு மாற்றிவிட்டார்கள். உத்தரவு இவருக்கும் மேலே இருந்து வந்தது. அறை அறையாக ஏறி இறங்கியும் இவரால் அதை நிறுத்த முடியவில்லை. "பேச வெச்சது நான் சம்பந்தி. காப்பாத்தத்தான் முடியல," என்றார்.

அதன்பிறகும் அவர் வழக்கத்தை விடவில்லை. ஒன்றை மட்டும் மாற்றினார். நடவடிக்கைக் குறிப்பில் யார் பெயரும் வரக் கூடாது என்றார். "'கூட்டத்தில் சொல்லப்பட்டது'ன்னு எழுதினா போதும்." உங்களில் பலர் அப்படி எழுதியிருப்பீர்கள். எதற்காக என்று தெரியாமலே எழுதியிருப்பீர்கள். பதவி நீட்டிப்பு வந்தபோது வேண்டாம் என்று அவர் திரும்பி வந்ததும் அந்தக் களைப்பில்தான்.

குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்கு இப்போது வருகிறேன். மூச்சுத் திணறலோடு அவரை அங்கே சேர்த்திருந்தோம். தொண்டையில் குழாய் விட்டு மெஷினில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், குடும்பம் முடிவு செய்யட்டும் என்றார் டாக்டர். கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு எல்லாரும் பேசினோம். சம்பந்தியின் தம்பி கூடுவாஞ்சேரியிலிருந்து வந்திருந்தார். "செலவைப் பாக்காதீங்க, மெஷின்ல வெச்சிடுங்க," என்றார். குமரன் தலையாட்டினார். அவருக்கு அப்பாவை விட மனமில்லை. எனக்குத்தான் திடீரென்று உறைத்தது. இது கூட்டம் இல்லை, பஜனை.

"மாப்பிள்ள, முதல்ல அவரைக் கேக்கணும்," என்றேன்.

"அத்தை, அவருக்கு மூச்சு வாங்குது. என்னத்தக் கேக்கறது?"

"காத்துகினு இருப்போம்."

நர்சு ஆக்சிஜன் முகமூடியைச் சற்று விலக்கினாள். காத்திருந்தோம். தம்பி இந்தத் தடவையும் வாட்சைப் பார்த்தார். சம்பந்தியின் உதடு அசைந்தது. "வீட்டுக்கு," என்றார். பிறகு கண்ணைத் திருப்பி மகனைப் பார்த்தார். "அடுத்து..."

"சரிப்பா," என்றார் குமரன்.

வீட்டில் சில நாள் இருந்தார். தன் கட்டில், தன் ஜன்னல், யாழினி படித்துக் காட்டிய பேப்பர். அவ்வளவுதான். பெயர் போடக் கூடாது என்பது அவர் வழக்கம். பேசியவருக்குக் கெடுதல் வரக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம் அது. இங்கே அந்த வார்த்தையைச் சொல்லாத குமரனுக்குக் கெடுதல் வந்திருக்கிறது. அதனால் இந்த ஒரு முறை பெயரைப் போட்டே எழுதுகிறேன்: வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொன்னவர், பேராசிரியர் தணிகாசலம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் காத்திருப்பு ஒன்றுதான். அது லேசான வேலை இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே ஆளைக் களைக்க வைக்கிறது. நேற்று சிட்லபாக்கம் வீட்டில் அவருடைய புத்தகங்களை என்ன செய்வது என்று ஆளுக்கொன்று பேசினார்கள். நான் கையை உயர்த்தி, "முதல்ல மாப்பிள்ளை பேசட்டும்," என்றேன். குமரன் தரையைப் பார்த்தபடி இருந்தார். மற்றவர்கள் எழுந்துபோய்விட்டார்கள். விளக்கு வைக்கும் நேரம்வரை நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவர் பேசவில்லை.

இன்றைக்கும் போகிறேன்.