இசக்கிச்செல்வி, பி.எஸ்ஸி. நர்சிங்

கோவில்பட்டி மெயின் ரோட்டில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் இசக்கிச்செல்வியின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. டிப்ளமோ முடித்த கையோடு நர்சாகச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஊசிக்குக் கையை இழுப்பவர், கட்டிலைச் சுற்றிக் கூட்டம் போடும் உறவுக்காரர், மூலையில் வெற்றிலை துப்புபவர், எல்லோருக்கும் ஒரே சுருதியில்தான் ஏச்சு விழும். வேலையில் பிசகு இருக்காது. அதனால் முதலாளியான டாக்டர் விஜயராஜ் அதைக் கண்டுகொள்வதில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் அவர் சபிதா என்ற பெண்ணை நர்சுகளுக்குத் தலைமையாக வைத்தார். நாசரேத்துப் பக்கம். நாலு வருஷம் பி.எஸ்ஸி. படித்தவள், வயது இருபத்து நாலு. வந்த வாரமே வார்டில் நோயாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, "சிஸ்டர், கிளவுஸ் மாத்தாம அடுத்த பெட்டுக்குப் போகக் கூடாது" என்றாள்.

சொன்னது சரிதான். அதுதான் இசக்கிச்செல்விக்குத் தாங்கவில்லை.

டிப்ளமோக்காரிகளுக்கு நாலு வருஷப் படிப்பை இரண்டு வருஷத்துக்குள் அடைத்துக் கொடுக்கிற போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு காலேஜில் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பித்தாள். இடம் கிடைத்தது. படிக்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் அப்போது இல்லை. அந்தச் சின்னப் பெண்ணுக்குக் கீழே இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

புருஷன் மந்திரமூர்த்தி புதியம்புத்தூர் ரெடிமேட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவான்.

"ஏட்டி, முப்பது வயசுல பையத் தூக்கிட்டுப் படிக்கப் போறியோ? ஊர்ல என்னப் பாத்துச் சிரிக்கணும், அதான ஒனக்கு?"

"சிரிக்கவிய சிரிக்கட்டும். நான் போகத்தான் செய்வேன்."

அவன் அதற்குப் பிறகு அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையையும் அவன் வீட்டார் இந்தப் படிப்பின்மேல் தூக்கிப் போட்டார்கள்.

காலேஜில் சேரக் காட்ட வேண்டிய அசல் சர்டிபிகேட்டுகள் ஆஸ்பத்திரி அலமாரியில் பூட்டிக் கிடந்தன. வேலையை விட்டு ஓடாமலிருக்க எல்லா நர்சுகளிடமும் வாங்கி வைத்திருந்தார்கள். மேனேஜர் செண்பகராஜிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். டாக்டர் ஊரில் இல்லை என்பார், சாவி இல்லை என்பார். சேர வேண்டிய கடைசி நாளும் நெருங்கிவிட்டது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் டாக்டர் மகளுக்குக் கல்யாண வரவேற்பு.

இசக்கிச்செல்வி டியூட்டி முடிந்து வெள்ளைச் சேலையோடு மண்டபத்துக்குப் போனாள். பரிசு கொடுக்க நின்ற வரிசையில் தானும் நின்று மேடை ஏறினாள். டாக்டர் சிரித்த முகமாகத்தான் இருந்தார்.

"மொய் எழுத வரல டாக்டர். என் சர்டிபிகேட்டக் கேட்டு வந்திருக்கேன்."

"நாளைக்கு ஆஸ்பத்திரியில பேசிக்கலாம்மா."

"நாளைக்கு நான் திருநெல்வேலியில இருக்கணும். குடுக்க வரைக்கும் இங்கனயே நிக்கேன்."

போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டார். பின்னால் நின்ற மில் முதலாளிகளும் கமிஷன் கடைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் செண்பகராஜைப் பார்த்துக் கண்ணைக் காட்ட, அதுவரை கிடைக்காத சாவி கிடைத்தது. உறை கைக்கு வரும்வரை அவள் மேடையைவிட்டு இறங்கவில்லை.

அந்தச் செய்தி ஊர் டாக்டர்கள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. கோவில்பட்டியில் இனி எந்த ஆஸ்பத்திரியும் அவளைச் சேர்க்காது என்று ஆகிவிட்டது. டாக்டரின் மீதிக் கோபம் சபிதாமேல் விழுந்தது. கீழே வேலை செய்கிறவளை அடக்கத் தெரியாதவள் என்று சொல்லி அடுத்த மாதமே அவளை அனுப்பிவிட்டார். இசக்கிச்செல்வி அதைக் கேட்டபோது நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

காலேஜ் அவளைப் பிழிந்தெடுத்தது. விடியும் முன் பாசஞ்சர் ரயில். காலையில் வார்டு, மத்தியானம் வகுப்பு. நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உளவியல் என்று வாரம் ஒரு தேர்வு வந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன பராமரிப்பு, எதற்காக என்று கேர் பிளான் எழுத வேண்டும், அதுவும் இங்கிலீஷில். காய்ச்சல்காரருக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவள் கைக்குத் தெரியும்; ஏன் அதைச் செய்கிறாய் என்று எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். கடம்பூருக்கும் மணியாச்சிக்கும் நடுவே ரயில் குலுங்கக் குலுங்க எழுதியதை, கையெழுத்து புரியவில்லை என்று திருப்பித் தந்தார்கள். கூடப் படித்த பெண்கள் ஆரம்பத்தில் அக்கா அக்கா என்று வந்தார்கள். இவள் எரிந்து விழுந்ததும் ஒதுங்கிப் போனார்கள். மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டாள்.

இரண்டாம் வருஷம் ஆராய்ச்சிப் பாடம் எடுக்கப் புது டீச்சர் வந்தாள். சபிதா!

மற்றவர்கள் மேடம் என்றார்கள். இசக்கிச்செல்வி எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே காலம் தள்ளினாள்.

ஆளுக்கொரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். இசக்கிச்செல்வி எடுத்துக்கொண்டது, 'தீப்பெட்டி ஆபீஸ்' எனப்படும் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள் தீக்காயம் பட்டால் ஏன் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்பது. தன் ஊர் ஆட்களைப் பற்றித் தனக்குத் தெரியாததா? பெண்களிடம் கேட்டு நிரப்ப வேண்டிய கேள்வித்தாள்களை வீட்டில் உட்கார்ந்து தானே நிரப்பினாள். காரணம் என்ற இடத்தில் எல்லாவற்றிலும் 'காசு இல்லை.'

சபிதா தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். "யாரையாவது நேர்ல பாத்தீங்களா?"

"பாக்காமயா எழுதுவேன்?"

"அத்தனை பேரும் ஒரே பேனாவுல, ஒரே மாதிரி சொல்லியிருக்காங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

இசக்கிச்செல்வி நேரே பிரின்சிபாலிடம் போனாள். பழைய ஆஸ்பத்திரிப் பகையை வைத்துப் பழிவாங்குகிறார் என்று எழுதிக் கொடுத்தாள். விளக்கம் கேட்டு சபிதாவுக்கு மெமோ வந்தது. இவளுக்கு வேறொரு டீச்சரை மாற்றிவிட்டார்கள். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வை நடத்த வெளியூரிலிருந்து வந்த அம்மாள் அதைப் படித்துப் பார்த்தார். "உங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரே வாயா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மற்ற எல்லாவற்றிலும் தேறியவள் ஆராய்ச்சியில் மட்டும் பெயிலானாள். மறு தேர்வுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் வீட்டில் கிடந்து எல்லோரையும் மனசுக்குள் ஏசித் தீர்த்தாள். பிறகு காலேஜுக்குப் போய் ஆசிரியர் அறை வாசலில் நின்றாள்.

"மன்னிப்புக் கேக்க வரல. இதை எப்படிச் செய்யணும்னு தெரியல. சொல்லித் தாங்க."

சபிதா திருத்திக்கொண்டிருந்த தாளை ஓரமாக வைத்தாள். "உங்களால எனக்கு ஒரு வேலை போச்சு. இங்கயும் மெமோ. எனக்கு உங்களைக் கண்டாலே பிடிக்கல."

"எனக்கும்தான்."

"முதல்ல அந்தப் பொம்பளைங்களப் போய்க் கேளுங்க. கேட்டுட்டு சனிக்கிழமை லைப்ரரிக்கு வாங்க."

ஊருக்கு வெளியே, மழைக்குப் பின் செருப்பில் அப்பிக்கொள்ளும் கரிசல் மண்ணை மிதித்துக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். பெண்கள் மரச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்கியபடியே பதில் சொன்னார்கள். பத்திரகாளி என்பவளின் புறங்கையில் தோல் சுருங்கி வெளுத்திருந்தது.

"இதுக்கு ஏன் ஆஸ்பத்திரிக்கு வரல?"

"வந்தேனே. மெயின் ரோட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தேன். மஞ்சளை அப்பிட்டு வந்திருக்கியே, கைய வெட்டிப் போட்டுட்டு வர வேண்டியதுதானன்னு நீங்கதான ஏசுனீங்க? அத்தன பேரு முன்னால. அதுக்கப்புறம் எதுக்கும் அந்தப் பக்கம் வாரதில்ல."

பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இசக்கிச்செல்விக்கு அந்த முகம் நினைவில்லை. எத்தனையோ பேரை ஏசியிருக்கிறாள். மறுத்துப் பேச வாய் வந்தது. பேனாவைப் பிடித்திருந்ததால் எழுதினாள். மற்றவர்களும் ஒவ்வொன்று சொன்னார்கள். லீவு தர மாட்டார்கள், பஸ் இல்லை, புருஷன் விட மாட்டான். ஆனால் நர்சுமார் ஏசுவார்கள் என்று சொல்லாதவர்கள் கொஞ்சம்தான்.

சனிக்கிழமைகளில் லைப்ரரி மேஜையின் இரண்டு பக்கமும் இருவரும் உட்கார்ந்தார்கள். தேவைக்குமேல் ஒரு சொல் கிடையாது. பதில்களை எண்ணிக் கணக்குப் போடச் சபிதா சொல்லித் தந்தாள். தப்பினால் கோடு கிழித்தாள். முடிவுரையைப் படித்துவிட்டு நிறுத்தினாள்.

"யார் ஏசுனாங்கன்னு எழுதலையே."

"ஆஸ்பத்திரி ஊழியர்னு எழுதியிருக்கேனே."

"நர்சுன்னு எழுதுங்க."

இசக்கிச்செல்வி அவளை முறைத்தாள். பிறகு எழுதியிருந்ததை அடித்துவிட்டு, நர்சு என்று எழுதினாள்.

மறு தேர்வில் தேறினாள். சபிதாவுக்குச் சொல்லப் போகவில்லை; அவளும் கேட்டு அனுப்பவில்லை. கொஞ்ச நாளில் சபிதா வெளிநாட்டுக்குப் போய்விட்டதாகக் காலேஜில் சொன்னார்கள். இசக்கிச்செல்விக்குத் தூத்துக்குடி ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சுகளின் தலைமையாக வேலை கிடைத்தது. அங்கேயும் அவளுக்கு நல்ல பெயர் இல்லை. கோபம் வந்தால் முன்போலவே குரல் உயரும். நோயாளியிடம் மட்டும், உயரும் முன்னே பல்லைக் கடித்துக்கொண்டு வராண்டாவுக்குப் போய்விடுவாள். சில நாள் போகாமலும் இருந்துவிடுவாள்.

வேலை உறுதியான அந்த ஞாயிற்றுக்கிழமை மந்திரமூர்த்தி வெகு நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தான். கம்பெனியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தானாம்.

"எம் பொண்டாட்டிய பி.எஸ்ஸி. படிக்க வச்சேன்னு சொன்னேன். மொதலாளியே கையப் புடிச்சுக் குலுக்கிட்டாரு."

இசக்கிச்செல்வி சோற்றிலிருந்து கையை எடுத்தாள்.

"எப்ப படிக்க வச்சீங்க? இந்த ரெண்டரை வருசத்துல, சாப்ட்டியாட்டின்னு ஒரு வார்த்த கேட்டிருப்பீங்களா?"

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். அவள் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றிப் பிசைந்து, நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள்.