முதல் படம் கீறலுக்கு

எங்கள் வீட்டில் நாற்காலியை நம்பி உட்கார முடியாது. காலையில் உட்கார்ந்து பேப்பர் படித்த நாற்காலி சாயங்காலம் விலைபோயிருக்கும். என் மாமனாருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை இப்படி ஆகியிருக்கிறது. இப்போதெல்லாம் அவர் எதிலும் சட்டென்று உட்காருவதில்லை. கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டி, "இது நம்மளதா, போறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

எல்லாம் என் ஓரகத்தியின் உபயம். என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுகிறேன். கீழே அவர்களும் மாமனாரும், மாடியில் நாங்கள். அக்கா காலையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருப்பாள். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக் கை கழுவியதும் அடுத்த வேலை தொடங்கும். பழைய பொருட்களை வாங்கி, தேய்த்துத் துடைத்து, படம் பிடித்து, இணையத்தில் விற்பது. மேஜை விளக்கு, சுவர்க் கடிகாரம், தகரப் பெட்டி, சின்னப் பிள்ளை சைக்கிள், எடைத் தராசு என்று எதுவும் வரும், எதுவும் போகும்.

இது திட்டம் போட்டு ஆரம்பித்ததில்லை. எதிர் வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போனபோது ஒரு மேஜை மின்விசிறியைக் குப்பைத்தொட்டி ஓரமாக வைத்துவிட்டுப் போனார்கள். அக்கா அதைத் தூக்கி வந்து பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அழுக்கெடுத்து, எண்ணெய் விட்டு, ஓட விட்டாள். நன்றாகவே ஓடியது. முன்கம்பியில் மட்டும் ஒரு நசுங்கல். இணையத்தில் போடலாம் என்று நான்தான் சொன்னேன். அக்காவுக்குப் பயம். வாங்கியவர் நசுங்கலைப் பார்த்துவிட்டு வாசலில் வந்து நின்று கத்தினால் என்ன செய்வது? வாசலில் சத்தம் என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. அதனால் முதல் படமாக நசுங்கலையே போட்டாள். நசுங்கல் சரியாகத் தெரியவில்லையே என்று கையில் கிடைத்த மஞ்சள் பென்சிலை எடுத்து அதன் முனை அந்த இடத்தைக் காட்டும்படி வைத்துப் படம் எடுத்தாள். அடுத்தடுத்த படங்களில்தான் விசிறி.

நேர்மை, கொள்கை என்றெல்லாம் ஒன்றும் இல்லை. சுத்தமான பயம். ஆனால் விசிறி போய்விட்டது, வாங்கியவர் கத்தவும் வரவில்லை. அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. எந்தப் பொருளானாலும் முதல் படம் அதன் குறைக்கு. கீறலோ, துருவோ, உடைந்த மூலையோ, பென்சில் முனை அங்கே நிற்கும். குறையே இல்லாத பொருள் கிடைத்தால் அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிடும். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் அவள் முகம் தெளியும்.

சந்தையில் அவளைப் பார்க்க வேண்டும். வீட்டில் வாய் ஓயாதவள் அங்கே ஊமை. பொருளை எடுப்பாள், தட்டிப் பார்ப்பாள், மோந்து பார்ப்பாள், கீழே வைப்பாள். விலை கேட்க மாட்டாள். பக்கத்திலிருப்பதை எடுப்பாள். கடைக்காரர்தான் பொறுக்க முடியாமல் விலையைக் குறைத்துக்கொண்டே வருவார். நானும் ஒருமுறை இதே மாதிரி செய்து பார்த்தேன். பேசாமல் நின்ற என்னைக் கடைக்காரர் கண்டுகொள்ளவே இல்லை. எனக்குப் பின்னால் நின்றவருக்கு விற்றுவிட்டார். நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். என்னால் முடிந்தது, கடையில் காலியாகும் அட்டைப் பெட்டிகளை அவள் பார்சலுக்குக் கொண்டுவந்து போடுவதுதான்.

இப்போது அக்காவின் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் அவருக்குப் பெயர் ஷோரூம். ஒரு பெரிய மரச்சாமான் ஷோரூமில் விற்பனைப் பிரிவில் மூத்தவர். ஆள் நல்லவர், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார். ஆனால் விற்பனையைக் கரைத்துக் குடித்தவர் தானொருவர்தான் என்று நினைப்பு. மனைவி குறையை முன்னால் காட்டி விற்கிறாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வரும் மாப்பிள்ளையிடம், பெண்ணைக் காட்டுவதற்கு முன்னால் அவள் பல்வலியைப் பற்றிச் சொல்வாயா என்று கேட்பார். அக்கா காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

இப்படியே ஓடியிருக்கும். மாமனார் படியில் தடுக்கி விழாமல் இருந்திருந்தால்.

அக்காவின் சரக்கெல்லாம் மாடிப்படிகளில்தான் இருக்கும். ஒரு படிக்கு ஒரு பொருள், ஓரமாக. மாமனார் ஒரு தையல் மெஷின் மூடியில் கால் இடறி உட்கார்ந்துவிட்டார். எலும்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் கோபம் வந்துவிட்டது. இனிமேல் படியில் ஒரு துரும்பு இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கட்டிலுக்கு அடியில் இடமில்லை. பரணும் நிறைந்துவிட்டது. மிச்சம் இருந்தது தெருவைப் பார்த்த முன்னறை ஒன்றுதான். அதில் குடியிருந்த தையல்காரர் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். அக்கா அந்த அறையைக் கேட்டாள். ஷோரூமோ டியூஷன் வாத்தியார் ஒருவருக்கு அதை வாடகைக்கு விடுவதாகப் பேசி வைத்துவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். அறை கிடைக்காவிட்டால் அக்கா வியாபாரத்தை மூட்டை கட்ட வேண்டியதுதான். அது எல்லோருக்கும் தெரியும்.

சாப்பாட்டு மேஜையில் பேச்சு முற்றியது. அவள் செய்வது வியாபாரமே இல்லை என்றார் ஷோரூம். படியிலிருக்கும் அத்தனையும் முறையாகக் காட்டினால் இரண்டே வாரத்தில் போய்விடும், அப்புறம் அறை எதற்கு என்றார். அக்காவின் தங்கைக்கு அப்போது பிரசவ நேரம். துணைக்கு இரண்டு வாரம் போய் இருக்க வேண்டும்.

"சரி, நான் இல்லாதப்ப நீங்களே வித்துப் பாருங்க," என்றாள் அக்கா. "படி காலியாயிட்டா ரூமை வாத்தியாருக்குக் குடுங்க. நான் வாயே திறக்க மாட்டேன். ஆகலைன்னா ரூம் எனக்கு."

அவர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். மாமனார்தான் சாட்சி. அக்கா முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வியாபாரத்துக்கென்று வைத்திருந்த ஃபோனை அவர் கையில் கொடுத்து, "பென்சில் டிராயர்ல இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். பார்சலில் முகவரி எழுதுவதற்கு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அன்று மாலையே ஷோரூம் களத்தில் இறங்கினார். ஒரு பூச்சாடி, பட்டுத் திரை, இரண்டு விளக்குகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு பொருளின் கீறலையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, நல்ல பக்கத்தை மட்டும் படம் எடுத்தார். பொய் சொல்லக் கூடாது, படங்கள் அவ்வளவு அழகு. அந்தத் தையல் மெஷினை எனக்கே வாங்கலாம் போல இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே 'புத்தம் புதியது போல' என்று எழுதி, விலையையும் ஏற்றிவிட்டார்.

ஒருவரும் வாங்கவில்லை. வழக்கமாக வாங்குகிறவர்களிடமிருந்து செய்திகள் மட்டும் வந்து குவிந்தன. அக்கா நலமா என்று கேட்டார்கள். உடம்பு முடியலையா என்று கேட்டார்கள். பென்சில் எங்கே என்று கேட்டார்கள். ஷோரூம் முதல் சில பேருக்குப் பொறுமையாகப் பதில் போட்டார்: 'பென்சில் தற்போது கையிருப்பில் இல்லை. விரைவில் வரவழைக்கிறோம்.' பிறகு அவருக்கு மண்டை காய்ந்துவிட்டது. வாங்காதவர்களோடு என்ன பேச்சு என்று, வரும் செய்திக்கெல்லாம் 'தங்கள் விசாரிப்புக்கு நன்றி' என்று ஃபோன் தானாகவே பதில் சொல்லும்படி வைத்துவிட்டார். அதன் பின் செய்திகளைத் திறக்கவே இல்லை. தினமும் ஆர்டர் வந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். ஈ ஓட்டிக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

போனது ஒன்றே ஒன்று. பெரிய நிலைக்கண்ணாடி. வாங்கியவர் ஒரு பெண்கள் விடுதியின் வார்டன், அக்காவின் இணையப் பக்கத்துக்கே புதியவர். மறுநாளே கண்ணாடியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார். கீழ் மூலையில் பாதரசம் கறுத்துப் போயிருந்தது. படத்தில் அந்த மூலையைப் பூச்சாடி மறைத்திருந்தது. வார்டனுக்குக் குரல் வளம் அதிகம். தெருவே வேடிக்கை பார்த்தது. ஷோரூம் முதலில் சிரித்துச் சமாளித்தார், பிறகு கொஞ்சம் வாதாடினார், கடைசியில் அவர் முகத்தில் ஈயாடவில்லை. மாமனார் குறுக்கே வந்து, பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அனுப்பி வைத்தார். அக்கா முதல் நாளிலிருந்து எதற்குப் பயந்தாளோ, அந்தச் சத்தம் அவள் இல்லாத நேரம் பார்த்து எங்கள் வாசலுக்கு வந்தது. எனக்கு அழுகை வந்தது. அவள் பெயர் போய்விட்டது என்று நினைத்தேன்.

அக்கா திரும்பி வந்தபோது படிகள் அப்படியே இருந்தன. விற்றுப் போன கண்ணாடியும் திரும்பி வந்திருந்தது. அவள் பையை வைத்துவிட்டு, ஃபோனை வாங்கிக்கொண்டு இரண்டாம் படியில் உட்கார்ந்து செய்திகளைப் படிக்க ஆரம்பித்தாள். 'பென்சில் கையிருப்பில் இல்லை' என்ற இடத்தில் சிரித்தாள் பாருங்கள், மாமனார் அறையை விட்டு எழுந்து வந்துவிட்டார். சிரித்துக்கொண்டே அடுத்தடுத்த செய்திகளைப் படித்தவள் ஓரிடத்தில் நின்றுபோனாள். கண் கலங்கிவிட்டது. ஃபோனை என்னிடம் நீட்டி, சத்தமாகப் படிக்கச் சொன்னாள்.

லாரி டிரைவர் ஒருவர் எழுதியது. சுவர்க் கடிகாரமாக வாங்கிக் குவிக்கிறவர்; அக்கா அவரை நேரில் பார்த்ததே இல்லை.

"அக்கா, பென்சில் இல்லாம பொருள் வருது. உங்க ஃபோன் திருடு போயிருக்கணும். திரும்பக் கிடைச்சதும் பார்ப்பீங்கன்னுதான் இதை எழுதறேன். எவனோ உங்க பேரைச் சொல்லி ஏமாத்துறான். நம்ம ஆளுங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், யாரும் வாங்க மாட்டாங்க. நீங்க தைரியமா இருங்க."

அதற்குக் கீழே 'தங்கள் விசாரிப்புக்கு நன்றி' என்று ஃபோன் பதில் சொல்லியிருந்தது. அதற்கும் கீழே இன்னும் பலர். நானும் சொல்லி வைத்திருக்கிறேன் என்று ஒருவர். புகார் கொடுக்கக் கூட வரவா என்று ஒரு பள்ளிக்கூட நூலக டீச்சர். எங்கேயோ இருக்கிற, முகம் தெரியாத மனிதர்கள் வரிசையாக நின்று என் அக்காவின் பெயரைக் காவல் காத்திருக்கிறார்கள்.

ஷோரூம் வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வாரமாக ஊர் முழுக்க அவரைத் திருடன் என்று நினைத்திருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அக்கா முகம் கழுவிக்கொண்டு வந்து வேலையைத் தொடங்கிவிட்டாள். ஜன்னலோரம் வெள்ளைத் துணியை விரித்து, நானும் அவளுமாகக் கண்ணாடியைத் தூக்கி நிறுத்தினோம். கறுத்த மூலையில் பென்சில் முனையை வைத்துப் படம் பிடித்துப் போட்டாள். அந்த லாரி டிரைவரிடமிருந்துதான் முதல் செய்தி: 'வந்துட்டீங்களா.' சாயங்காலத்துக்குள் கண்ணாடிக்கு ஆள் வந்தாயிற்று. கறுப்பு தன் நாற்காலிக்குப் பின்னால் மறைந்துவிடும் என்றார் ஒரு முடிதிருத்தும் கடைக்காரர். அக்கா நான் கொண்டுவந்த அட்டைப் பெட்டிகளைப் பிரித்துக் கண்ணாடிக்குச் சட்டை தைப்பது போலச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அப்போது ஷோரூம் உள்ளே வந்தார். உட்காரவில்லை. ஏழெட்டு வாடிக்கையாளர்களை ஒரே நேரத்தில் சமாளிக்கிற மனிதர், அட்டைத் துண்டுகளைத் தாண்டித் தன் மனைவி முன்னால் வந்து நின்றார்.

"முதல்ல குறையைச் சொல்லிடறேன்," என்றார். "இத்தனை வருஷமா உன் வேலையை நான் ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்த்ததில்ல. பார்க்காமலே கேலி பண்ணேன். அந்த வார்டன் கத்தினது உன்னைப் பார்த்து இல்ல, என்னைப் பார்த்துத்தான்."

அக்கா பல்லில் கடித்திருந்த டேப்பை எடுத்து ஒட்டினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சரி," என்றாள். "ரெண்டாவது படம் எங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து முன்னறைச் சாவியை எடுத்து வெள்ளைத் துணியின் மேல் வைத்தார். அக்கா பென்சிலை எடுத்தாள். சாவியின் ஒரு ஓரத்தில் லேசாகத் துரு இருந்தது. முனையை அங்கே வைத்து அவருக்குக் காட்டிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டாள்.