நாற்காலியில் வைத்த தேங்காய்ப்பூ

ரொம்சோஸ் என்ற குளிர்நாட்டு ஊரில் வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். போன ஜூலையில் என் ரெக்சின் நாற்காலி அடுப்பாய்ச் சுட்டது. குளிர்பெட்டியில் உறைந்திருந்த, துருவிய தேங்காய்ப்பூப் பைக்கற்றை அதில் வைத்து, மெல்லிய உடுப்போடு மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது ஒரு வைத்தியர், நோயாளிப் பிள்ளையின் தாயோடு என் மூலம் கதைத்துக்கொண்டிருந்தார். தொடை எரிந்தது. அந்தத் தாய் அழும்போது எப்படி எழும்புவது? பிறகு எரிவு நின்றது. பழகிவிட்டது என்று நினைத்தேன். அழைப்பு முடிந்து எழும்பியதும் கால் மரத்து விழுந்தேன்.

ஓடிவந்த கணவர், “என்னப்பா, தோலெல்லாம் வெள்ளையாக் கிடக்கு! ஐஸுக்கு மேலயே இருந்தனீர்?” என்று பதறினார்.

உறைந்தது மேல்தோலோடு போனது நல்லகாலம். பனிக்காலத்தில் விரல் மரத்தால் உள்ளே ஓடிவரச் சொல்லிப் பிள்ளைகளிடம் கத்துகிற எனக்கு, வெயிலில் அது நினைவு வரவில்லை.

இப்போது நூல்சேலையை மடித்துப் போட்டு உட்காருகிறேன். வியர்க்கிறது. வியர்ப்பது தோலுக்குத் தெரிகிறதே, அது போதும்.