குளத்து மீன்கள் மூச்சுக்குத் தவித்த ஆடி மாதம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்தே காலத்தைத் தள்ளிவிட்டேன். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேனாவைப் பிடிப்பதே பிள்ளைகளின் ராங்க் கார்டில் கையெழுத்துப் போடத்தான். ஒவ்வொரு ஆடியிலும் இந்த வருஷம் எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். அம்மன் சம்பந்தப்பட்ட விஷயமாயிற்றே, ஒரு வார்த்தை தப்பாக விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து விட்டுவிடுவேன். பயம் இப்போதும் இருக்கிறது. ஆனாலும் கண்ணால் பார்த்ததை மனசுக்குள்ளேயே வைத்திருப்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

எங்கள் ஊர் ஆம்பூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. நான் தோல் ஷாப்பில் வேலை செய்கிறேன். உப்புப் போட்டு வருகிற பச்சைத் தோலை அலசி, சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, முடி கழற்றுகிற இடத்தில்தான் எனக்கு வேலை. நாள் முழுக்க ஈரத்தில்தான் நிற்க வேண்டும். எங்கள் தெருவில் பாதிப் பேர் இதே மாதிரி வேலைக்காரர்கள், மீதிப் பேர் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். கையில் அரிப்பு, படை வருவதெல்லாம் எங்களுக்குச் சகஜம். டாக்டர் கொடுக்கிற களிம்பையும் பூசுவோம், அம்மனிடமும் வேண்டிக்கொள்வோம். ஆடி வெள்ளிக்கிழமை கோயில் குளத்தின் கடைசிப் படியில் நின்று, கைநிறைய வெல்லத்தை வைத்துத் தண்ணீருக்குள் முக்கி, அது கரைகிறவரை அப்படியே நிற்க வேண்டும். "வெல்லம் கரையற மாதிரி இதுவும் கரையணும் தாயே" என்று சொல்லிக்கொள்ள வேண்டும். என் கையும் அப்படித்தான் ஆறியது. களிம்பால் ஆறியதா, அம்மனால் ஆறியதா என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை.

அந்தக் குளத்தில் மீன்கள் உண்டு. அம்மனுடைய மீன் என்பதால் யாரும் பிடிக்க மாட்டார்கள். பொரி போட்டால் படிவரைக்கும் வந்து வாயைத் திறக்கும். என் மனைவி வெள்ளிக்கிழமை தவறாமல் பொரி போடுவாள். வீட்டில் எங்களுக்கு ரசம் இல்லாத நாள் இருக்கும், மீனுக்குப் பொரி இல்லாத வெள்ளி இருக்காது.

அந்த வருஷம் மழை கம்மி. குளத்தில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது. தண்ணீருக்குள் வேலம்பாசி பச்சைப் பசேல் என்று மண்டிக் கிடந்தது. எங்கள் உழவாரப் பணிக் குழுவுக்குத் தலைவர் அரசாங்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் படியில் நின்று பார்த்துவிட்டு, "அம்மா மூஞ்சி பாக்குற கண்ணாடிப்பா இது. இப்படியா வச்சிருக்கறது?" என்றார். ஆடி வெள்ளிக்கு முந்தின நாள் எல்லாரும் லீவு போட்டுவிட்டு வந்தோம். ஈரத்தில் நின்று பழகியவன் என்பதால் நான்தான் முதலில் இறங்கினேன். பாசியை வேரோடு இழுத்து இழுத்துக் கரையில் போட்டோம். புங்க மரத்தடியில் அது வைக்கோல் போர் மாதிரி குவிந்துவிட்டது. சாயங்காலம் குளத்தில் கோபுரம் தலைகீழாகத் தெரிந்தது. அதைப் பார்த்துச் சில பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் வலி, மனசெல்லாம் சந்தோஷம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை கூட்டமான கூட்டம். குளம் சுத்தமாகிவிட்டது என்று கேள்விப்பட்டு, வழக்கமாக வராதவர்கள்கூட வெல்லத்தோடு வந்துவிட்டார்கள். கடைசிப் படியில் நிற்க இடம் கிடைக்காமல் தள்ளுமுள்ளு ஆனது.

சனிக்கிழமை விடிந்து குளத்துப் பக்கம் போனால், மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பொரிக்கு வருகிற வாய் இல்லை அது. பெரிய பெரிய மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. ஒரு கெண்டை என் காலடியில் படியோரம் ஒதுங்கி, செவுளை மட்டும் மெதுவாக அசைத்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் நின்றுபோனது.

கொஞ்ச நேரத்தில் ஊரே கூடிவிட்டது. கோயில் வாசலில் பூ விற்பவர் கேட்டார்: "மொதல்ல கொளத்துல கால வச்சது யாரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"சுண்ணாம்புலயும் மருந்துலயும் ஊறின காலுப்பா அது. அந்தக் காலோட உள்ள இறங்குனா மீன் சாவாம இன்னா பண்ணும்?"

"கழுவிட்டுத்தாண்ணே இறங்கினேன்."

"தோலயே உரிக்கிற மருந்து, கழுவுனா போய்டுமா?"

பின்னாலிருந்து ஒருத்தன், "தோல் ஷாப்புக்குப் போறதுக்கு, நேரா மீன் வறுவல் ஷாப்பே வச்சிருக்கலாம்" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். தலைவர் கையைத் தூக்கி அதட்டினார். "யார் காலோ, அத உடுங்க. நாளைக்கி பிளீச்சிங் பவுடர் கொட்டிக் கொளத்த சுத்தம் பண்ணிடலாம். இவனும் இனிமே இறங்க வேணாம்."

பிளீச்சிங் பவுடர் போட்டால் இருக்கிற மீனும் மிஞ்சாது என்று எனக்கே தெரிந்தது. அதைவிட, என் கால்தான் அம்மனுடைய மீன்களைக் கொன்றதா என்ற கேள்விதான் வீடு வரைக்கும் கூடவே வந்தது. இல்லை என்று சொல்ல என்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? அந்த மருந்தில் நிற்பவன் நான்தானே.

கூழ் ஊற்றுவதற்காக என் மனைவியின் தங்கை அரக்கோணம் பக்கத்திலிருந்து வந்திருந்தாள். மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் டீச்சர். நான் வீட்டுக்குள் நுழைந்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னா மாமா, மூஞ்சத் தொங்கப் போட்டுனு வர்றீங்க? அக்கா திட்டிட்டாளா?"

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லடி" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி சொன்னாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. பிள்ளைகளிடம் கேள்வி கேட்கிற மாதிரி கேட்டாள்.

"செத்ததெல்லாம் பெருசா, சிறுசா?"

"பெருசுங்கதான். சின்னதுங்க மேல வந்து வாயத் தொறந்துனு இருக்குதுங்க."

"நேத்து மத்தியானம் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. விடியக்காலைலதான் இப்படி."

"அப்போ உங்க காலு இல்ல மாமா. விஷமா இருந்தா, பெரும்பாலும் சின்னதுங்கதான் மொதல்ல போகும். விடியற நேரமாப் பாத்தும் சாவாது. இது மூச்சுக் கொறைவு. பெரிய ஒடம்புக்கு ஜாஸ்தி மூச்சு வேணும், அதான் பெருசு மொதல்ல உழுந்துடுச்சு. ஆமா, கொளத்துல பாசி இருக்குமே?"

"எல்லாத்தையும் புடுங்கிட்டோம். ஒரு இழகூட உடல" என்றேன். அப்போதுகூட என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ மாமா! மூச்சக் குடுக்கறதே அதானே!"

பாசி வெயிலை வைத்துத் தனக்கான சாப்பாட்டைத் தானே செய்துகொள்ளுமாம். அப்படிச் சமைக்கும்போது வெளியே விடுகிற காற்றைத்தான் மீன் மூச்சாக இழுத்துக்கொள்ளுமாம். ராத்திரி வெயில் இல்லை, சமையலும் இல்லை, பாசியே மூச்சை வாங்கத்தான் செய்யும். அதனால்தான் விடிகிற நேரம் தண்ணீரில் மூச்சு ரொம்பக் கம்மி. பகலெல்லாம் பாசி சேர்த்து வைத்தால்தான் அதைத் தாண்ட முடியும். இத்தனையும் அவள் சொன்னது. பிறகு வெல்லத்தைப் பற்றிக் கேட்டாள். நான் கூட்டத்தைச் சொன்னேன்.

"தண்ணில கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்குது மாமா. வெல்லம் கெடச்சா அதுங்களுக்குக் கல்யாண விருந்துதான். தின்னுட்டு ஒண்ணு ரெண்டாவும், ரெண்டு நாலாவும். பொழுது போறதுக்குள்ள இந்த ஜில்லா ஜனத்தவிட ஜாஸ்தியாய்டும். அத்தனைக்கும் மூச்சு வேணும்ல? இருக்கற கொஞ்ச மூச்சையும் அதுங்களே இழுத்துக்கும்."

"பாசி எங்கனா மூச்சு உடுமா? பேஜார் பண்ணாத, ஏற்கெனவே நொந்து போயிருக்கேன்" என்றேன்.

"அக்கா, அந்த ஊறுகாய் பாட்டில குடு" என்றாள் அவள்.

"உள்ள எலுமிச்சங்கா ஊறுகா இருக்குதுடி!"

"மாமாவுக்கு மானம் போய்னு இருக்குது, உனக்கு ஊறுகாயா?"

பாட்டிலைக் கழுவிக்கொண்டு குளத்துக்குப் போனோம். பாசிக் குவியலின் மேலெல்லாம் காய்ந்து நாறிக்கொண்டிருந்தது. அவள் அடியில் கையை விட்டு, பச்சையாக இருந்த ஒரு பிடியை உருவினாள். பாட்டிலில் குளத்துத் தண்ணீரை ஊற்றி, பாசியைப் போட்டு, பாசியின் சமையலுக்கு உதவும் என்று வீட்டிலிருந்து மடித்துக் கொண்டுவந்த ஆப்ப சோடாவில் ஒரு சிட்டிகை கலந்து, நல்ல வெயில் விழுகிற படியில் வைத்தாள். பூக்காரரும் தலைவரும் சும்மா பார்ப்பது மாதிரி வந்து நின்றார்கள்.

முதலில் ஒன்றும் இல்லை. "இன்னா டீச்சரம்மா, சர்பத்து போடறீங்களா?" என்று பூக்காரர் கேட்டார்.

அப்புறம் ஒரு தண்டின் அறுந்த நுனியிலிருந்து ஊசிமுனை அளவுக்கு ஒரு குமிழி கிளம்பியது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு மணி கோத்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக விடாமல் மேலே போய்க்கொண்டே இருந்தது. அவள் தன் முந்தானையை விரித்துப் பாட்டிலுக்கு நிழல் போட்டாள். குமிழி தயங்கித் தயங்கி வந்தது. முந்தானையை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி மணிமணியாகக் கிளம்பியது.

எனக்குக் கைகால் ஓடவில்லை. சாமி முன்னால் நிற்கிற மாதிரி நின்றுவிட்டேன். சூரியன் எங்கேயோ மேலே இருக்கிறது. வழுவழுவென்று ஒரு பாசி, கால் பட்டால் துடைத்துப் போடுகிற பாசி, அந்த வெளிச்சத்தை வாங்கிச் சோறாக்குகிறது. தான் தின்றது போக மீனுக்கு மூச்சையும் விடுகிறது. யாரும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல், ஆதி நாளிலிருந்து இந்தக் குளத்துக்குள் இது நடந்துகொண்டிருக்கிறது. அம்மன் காரியம் இல்லாமல் வேறு யார் காரியம் இது? என்னையும் அறியாமல் அந்தப் பாட்டிலைக் கும்பிட்டுவிட்டேன். பூக்காரர்கூடச் சிரிக்கவில்லை.

தலைவர் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இப்ப இன்னாம்மா பண்ணணும்?" என்று கேட்டார்.

"பவுடர் வேணாங்கய்யா. இன்னிக்கே மோட்டார் போட்டு, போர் தண்ணிய உயரத்திலேருந்து விழற மாதிரி விடுங்க. விழற தண்ணி காத்த இழுத்துனு போகும். செத்த மீன எடுத்துடுங்க. பச்சையா இருக்கற பாசிய மட்டும் திரும்ப உள்ள போடுங்க. மொத்தமும் வேணாம், அதுவும் மண்டிடக் கூடாது. நீங்க பாதிய எடுத்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

"ஒரு நாள் பாக்கலாம்" என்றார் தலைவர். "நாளைக்கும் மீன் செத்தா பவுடர்தான்." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "பாசியப் போட யாரு இறங்கறது?" என்றார். பூக்காரர் ஒதுங்கி வழி விட்டார். நான் வேட்டியை மடித்துக் கட்டினேன்.

மறுநாள் விடியும்போது நானும் என் மனைவியும் போனோம். மோட்டார் தண்ணீர் ஒரு மூலையில் சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் மேல் ஒரு வாய்கூடத் தெரியவில்லை. செத்தும் எதுவும் மிதக்கவில்லை. எல்லாம் அடியில் போய்ச் செத்துக் கிடக்கின்றனவோ என்று எனக்குத் தோன்றிவிட்டது. தலைவரும் பூக்காரரும் எதிர்ப்படியில் வந்து நின்றார்கள். என் மனைவி, "அம்மா தாயே" என்று சொல்லிக்கொண்டு ஒரு பிடி பொரியை வீசினாள். பொரி மிதந்தது. மிதந்துகொண்டே இருந்தது. அப்புறம் ஒரு பொரி மட்டும் உள்ளே போனது. அந்த இடத்தில் சின்னதாக ஒரு வளையம். பக்கத்தில் இன்னொரு வளையம். கொஞ்ச நேரத்தில் படியோரமெல்லாம் வாலடிக்கிற சத்தம்.

என் மனைவி படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். எதிர்ப்படியிலிருந்து பூக்காரர் கத்தினார்: "யோவ், அடுத்த தபா நீயே இறங்குய்யா! ஆனா பாதிய உட்டுடு!" மன்னிப்பு என்று அவர் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது போதும்.

இப்போதும் ஆடி வெள்ளிக்கு வெல்லம் வருகிறது. குளக்கரையில் பெரிய அண்டா வைத்திருக்கிறோம். நல்ல தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்து வேண்டிக்கொள்கிறார்கள். பிறகு அதில் ஏலக்காயும் சுக்கும் போட்டுப் பானகமாக வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறோம். மத்தியான வெயிலில் நான் படியில் உட்கார்ந்து பாசியிலிருந்து குமிழி கிளம்புவதைப் பார்ப்பேன். இத்தனை வருஷம் பார்த்தும் அலுக்கவில்லை.

இப்போது இதை ஊரில் பலவிதமாகச் சொல்கிறார்கள். அம்மன் கனவில் வந்து பாசியைப் போடச் சொன்னாள் என்கிறார்கள் சிலர். கனவெல்லாம் வரவில்லை. வேண்டுதலெல்லாம் பொய் என்று டீச்சர் நிரூபித்துவிட்டாள் என்கிறார்கள் வேறு சிலர். அவள் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வாரம் அவளும் எங்களோடு கூழ் குடித்துவிட்டுத்தான் ஊருக்குப் போனாள். இதைப் படிக்கிறவர்கள், குளம் இருக்கிற ஊர்க்காரர்களுக்குத் தயவுசெய்து சொல்லுங்கள். ஆனால் அற்புதத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள், சாமியைக் குறைத்தும் சொல்லாதீர்கள். மீன் தவித்தது, பாசி மூச்சு விட்டது, நாங்கள் பார்த்தோம். நான் எழுதியிருக்கிறபடியே சொல்லிவிடுங்கள்.