அவர் விழுங்காத ரொட்டி

என் கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர்வீச்சுக்காகக் கொல்லயில் கிராமத்திலிருந்து திருவனந்தபுரம் போய்வந்தோம். தினமும் பஸ்ஸிலிருந்து பார்த்த பெரிய சாண்ட்விச் கடையில் ஒருமுறையாவது சாப்பிட அவருக்கு ஆசை. சிகிச்சை முடிந்த அன்று மதியம் போனோம். ரொட்டியை மொறுமொறுவென்று சுட்டுக் கொண்டுவந்தார்கள். ஒரு கடியோடு நிறுத்திவிட்டார்.

“எனக்கு மதி, போதும். நீ தின்னு.”

“ஆசப்பட்டது நீங்களாக்கும்! இப்ப வேண்டாமா?” என்று எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன். பிறகு இருவர் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

திரும்பும்போது அவர் கைக்குட்டையில் ரத்தம் இருந்தது. வாயெல்லாம் புண்.

“அப்பவே சொல்லப்பிடாதா?”

“காலையிலேர்ந்து நீயும் பட்டினியாக்கும். சொன்னா தின்னிருப்பியா?”

இப்போதெல்லாம் அவர் சாப்பாடு வேண்டாம் என்றால் திட்டுவதில்லை. முதலில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன். கஞ்சியை ஆறவைத்து ஊட்டுகிறேன். இந்த வாரம் அதுவும் மூன்று கரண்டிக்கு மேல் இறங்கவில்லை.