மிச்சமிருந்த ஒன்பது கிலோமீட்டர்

என் கணவர் குலேந்திரன் சுவிட்சர்லாந்தின் மூர்ட்டன் நகரத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருபத்தைந்து வருடம் வேலை செய்தார். முதலில் கோப்பை கழுவினார். பிறகு காய்கறி வெட்டினார். கடைசிப் பத்து வருடம் சூப்பும் சோஸும் அவருடைய பொறுப்பு. இறந்துபோனபோது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குச் சைக்கிள்தான் நினைவுக்கு வருகிறது.

ஹோட்டல் வேலையில் மதியச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும்வரை மூன்று மணித்தியாலம் இடைவெளி விடுவார்கள். சிம்மர்ஸ்டுண்ட என்று இங்கே சொல்வார்கள். வீட்டுக்கு வந்தாலும் ஆளிருக்காது. நான் கெர்ட்சர்ஸ் முதியோர் இல்லத்தில் வேலையில் நிற்பேன். சமையலறைக்காரர் எல்லோரும் மேல்மாடி அறையில் படுத்துவிடுவார்கள். அவரும் பதினெட்டு வருடம் அப்படிப் படுத்தவர்தான்.

2009இல் அது முடியாமல் போனது. அவருடைய தம்பி குகநாதன் வன்னியில் இருந்தார். மார்ச் மாதம் ஒருமுறை கதைத்தார், அதற்குப் பிறகு சத்தமில்லை. மே மாதம் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். இவர் நெஞ்சில் போனை வைத்துக்கொண்டு அந்த மேல்மாடிக் கட்டிலில் கிடந்து முகட்டைப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் எழும்பிப் போய்ப் பழைய சாமான் சந்தையில் ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கினார். நீல நிறம், வளைந்த பிடி, மெல்லிய டயர்.

அன்றிலிருந்து மழையில்லாத நாளெல்லாம் ஓடினார். பழைய நகர மதிலின் பேர்ன் வாசலால் வெளியே வந்தால் மூன்று பக்கமும் அவருக்குப் பாதை இருந்தது. கிழக்கே கறுப்பு மண் தோட்டங்கள். வெங்காயம் கிண்டும் காலத்தில் அந்த மணத்தோடேயே வேலைக்குத் திரும்புவார். வடக்கே கால்வாயைக் கடந்தால் வுல்லி மலையடியில் திராட்சைத் தோட்டங்கள். தெற்கே ஏரிக்கரை. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்க எனக்குப் போன் எடுத்து அன்றைய பாதையைச் சொல்லுவார். எங்கே தார் புதிதாகப் போட்டிருக்கிறது, எங்கே காற்று எதிர்த்தது, மோத்தியே ஊரில் எந்த நாய் குரைத்தது. தம்பியைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். நானும் கேட்க மாட்டேன். நாயைப் பற்றித்தான் கேட்பேன்.

எங்கள் ஆட்களுக்கு இது விளங்கவில்லை. ஒரு நாள் இரவீந்திரன், பேர்னில் கடை வைத்திருக்கிறவர், தெருவில் இவரைக் கண்டு காரை ஓரம் கட்டியிருக்கிறார்.

"அண்ணை, ஏறுங்கோ. சைக்கிளைப் பின்னால போடலாம்."

"இல்லை ரவி, நான் சும்மா ஓடுறன்."

"சும்மாவோ? இந்த வெயிலுக்கையோ? உண்மையைச் சொல்லுங்கோ, லைசென்சைப் பறிச்சுப்போட்டாங்களோ?"

"ஏன் பறிக்கிறாங்கள்? நான் குடிக்கிறேல்லையே."

"குடியாமல் ஒருத்தன் இந்தக் கோலத்தில கழிசானோட தெருவில நிப்பானோ, அண்ணை?"

அடுத்த கிழமை கோயிலில் இரண்டு பேர் என்னிடம் வந்து, அவருக்கு எப்போது லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும் என்று அனுதாபத்தோடு விசாரித்தார்கள். அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். அந்த வருடத்தில் நான் கண்ட முதல் சிரிப்பு அது.

அவருடைய பாதைகளில் ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மூர்ட்டன் ஏரி சிறியது. சுற்றி வந்தால் இருபத்தெட்டுக் கிலோமீட்டர்கூட வராது. இவர் கரையால் தெற்கே போவார், ஃபூ என்ற சிற்றூருக்குச் சற்று முன்னால் நின்று, வந்த வழியாலேயே திரும்புவார். இன்னொரு நாள் வடக்கால் சுற்றி மோத்தியே வரை போவார், அங்கேயும் திரும்பிவிடுவார். ஒரு நாளும் வட்டத்தை முடித்ததில்லை.

"சுத்தி வந்தா லேசுதானே. ஏன் திரும்பித் திரும்பி வாறியள்?" என்று கேட்டேன்.

"அங்கால வோ கன்டோன், கலா."

"அதுக்கென்ன?"

"என்ர சைக்கிள் பிரிபூர்க் சைக்கிள்."

கன்டோன் என்றால் இங்கே மாநிலம்; மூர்ட்டன் பிரிபூர்க் மாநிலம், ஃபூ வோ மாநிலம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. சைக்கிளைத் திருப்பி இருக்கையின் கீழ் ஒட்டியிருந்த சிறு ஸ்டிக்கரைக் காட்டினார். அந்தக் காலத்தில் இங்கே ஒவ்வொரு சைக்கிளுக்கும் வருடா வருடம் காப்புறுதி ஸ்டிக்கர் வாங்கி ஒட்ட வேண்டும். அதில் வருடமும் ஒரு இலக்கமும் மாநிலத்தின் இரண்டு எழுத்தும் இருக்கும்.

1991இல், அகதி விண்ணப்ப அட்டையோடு இருந்த காலத்தில், ஹோட்டல்காரரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தக் கரையால் போயிருக்கிறார். ஃபூவில் ஒரு பொலிஸ்காரர் மறித்தார். ஸ்டிக்கரைப் பார்த்தார். அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிரெஞ்சில் ஏதோ விளங்கப்படுத்தி, வந்த வழியைக் கையால் காட்டினார். மனுசர் மரியாதையாகத்தான் சொன்னார் என்று இவரே சொல்லுவார். ஆனால் அட்டையிலும் அதே இரண்டு எழுத்து, ஸ்டிக்கரிலும் அதே இரண்டு எழுத்து. அகதி முகாமிலிருந்து இவர்களை மாநிலம் மாநிலமாகப் பிரித்துத்தான் அனுப்பியிருந்தார்கள். உனக்கு இந்த மாநிலம், இங்கேதான் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். சைக்கிளுக்கும் அதுதான் சட்டம் என்று இவர் விளங்கிக்கொண்டார்.

"போன மாசம் ஜெனீவாக் கலியாணத்துக்குப் போனனாங்களே?"

"அது ரயில். ரயிலுக்கு டிக்கெட் கிடக்கு, எனக்கு கார்ட் கிடக்கு. சைக்கிளுக்கு இது மட்டும்தான் கிடக்கு."

வேலையிடத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. பல்கலைக்கழகம் போய்ப் படித்தவள் நான். எனக்கும் அது சரியாகவே பட்டது. என் முதல் அட்டையிலும் அதே எழுத்துகள்தான் இருந்தன.

2012 வசந்தத்தில் புது ஸ்டிக்கர் வாங்கச் சைக்கிள் கடைக்குப் போனார். இந்த வருடத்திலிருந்து ஸ்டிக்கரே இல்லை, எடுத்துவிட்டார்கள் என்று கடைக்காரர் சொன்னார். அப்படியென்றால் வோ பக்கம் போகலாமா என்று இவர் கேட்டிருக்கிறார். கடைக்காரருக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. விளங்கியதும், எப்போதும் போகலாமே, பழைய ஸ்டிக்கரோடு ஜெனீவா வரைக்கும் ஓடியிருக்கலாமே என்றாராம். 1991 கதையைக் கேட்டுவிட்டு, அது முந்திய வருட ஸ்டிக்கராக இருந்திருக்கும், புதியது வாங்கி ஒட்டச் சொல்லித்தான் திருப்பியிருப்பார்கள் என்றும் சொன்னார்.

அன்றைக்கு ஐந்து மணிக்கு முந்தின போனில் அவர் பாதை எதுவும் சொல்லவில்லை.

"இருபத்தொரு வருசம், கலா," என்றார். பிறகு, "நல்லகாலம், ஆருக்கும் தெரியாது," என்றார். கடைசியாக, "முதல் சுத்து ரெண்டுபேரும் போவம். நீரும் கம்பசுக்குச் சைக்கிளில போன ஆள்தானே," என்றார்.

நான் ஓம் என்றேன்.

அந்த ஓமை நான் நான்கு வருடம் இழுத்தேன். அவருக்கு லீவு திங்களும் செவ்வாயும். எனக்கு மாறி மாறி வரும், பெரும்பாலும் ஞாயிறு. கோடை விடுமுறையில் லண்டன், பாரிஸ் என்று ஒவ்வொரு வீட்டுக் கலியாணம். மூட்டு நோகுது என்றும் சொல்லியிருக்கிறேன். உண்மையில், இந்த வயதில் ஹெல்மெட்டோடு ஆட்கள் கண்டால் என்ன கதைப்பார்கள் என்ற யோசனையும் இருந்தது. அவர் வற்புறுத்தவில்லை. எனக்கு ஒரு பழைய பெண்கள் சைக்கிள் வாங்கித் துடைத்து, நிலவறையில் தன்னுடையதற்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

2014 செப்டெம்பரில் ஒரு திங்கட்கிழமைக்கு நான் லீவு எடுத்தேன். அவர் காலையில் என்னை நிலவறையில் நிற்கவைத்து, இடுப்புக்கு அளவு பார்த்து இருக்கையை ஏற்றி இறக்கி முடுக்கினார். மீன் ரோல்ஸ் பொரித்துப் பெட்டியில் போட்டார். வெளிக்கிடும் நேரம் முதியோர் இல்லத்திலிருந்து போன். கூட வேலை செய்கிறவளுக்குக் காய்ச்சல், ஆளில்லை, வர முடியுமா என்றார்கள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். நான் உடுப்பு மாற்றிக்கொண்டு போனேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது ரோல்ஸ் பெட்டி திறக்காமல் மேசையில் இருந்தது.

"போகேல்லையோ?"

"போனனான். வோ எல்லைப் பலகை வரைக்கும்."

"மிச்சத்தையும் போயிருக்கலாம்தானே, உங்களை ஆர் மறிச்சது?"

"ஒருத்தரும் மறிக்கேல்லை," என்றார். "ரெண்டுபேரும் எண்டுதானே கதைச்சது."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஸ்டிக்கர் போய் இரண்டு வருடத்துக்கு மேல். அவர் இன்னும் அதே இடங்களில்தான் திரும்பிக்கொண்டிருந்தார், எனக்காக. "வாற வருசம் கட்டாயம்," என்றேன். அவர் ரோல்ஸைச் சூடாக்கி எனக்கு இரண்டு வைத்தார்.

வாற வருடத்திலும் போகவில்லை. 2016 பெப்ரவரியில், பனி கொட்டிச் சைக்கிள் ஓட முடியாத ஒரு நாள், சிம்மர்ஸ்டுண்டவில் மேல்மாடி அறையில் படுத்தார். ஐந்து மணிக்குக் கீழே வரவில்லை என்று கூப்பிடப் போனவர்கள் கண்டார்கள். இதயம் என்று டொக்டர் சொன்னார். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்க வர வேண்டிய போன் வரவில்லை என்பதை நான் அன்றைக்குக் கவனிக்கக்கூட இல்லை. பனிக் காலத்தில் அவருக்குச் சொல்லப் பாதை இருக்காது.

அடுத்த வருடம் ஜூனில், ஒரு திங்கட்கிழமை, நிலவறையிலிருந்து என் சைக்கிளை எடுத்தேன். காற்று அடித்தேன். இருக்கையைத் தொடவில்லை, அவர் முடுக்கிய உயரம் எனக்குச் சரியாகத்தான் இருந்தது.

முழு வட்டமும் ஓட எனக்கு மனம் வரவில்லை. மற்றதெல்லாம் அவர் ஓடியாயிற்று. சைக்கிளோடு ரயிலில் ஃபூவில் இறங்கி, மூர்ட்டன் பக்கமாகக் கொஞ்சத் தூரம் பின்னால் போனேன். பச்சையும் வெள்ளையுமாய் வோ மாநிலப் பலகை தெரு ஓரத்தில் நின்றது. எதிரே ஒரு வாகனம் நிறுத்துமளவு புல்தரை. அவர் நின்று திரும்பிய இடம் இதுவாகத்தான் இருக்கும். அங்கேயிருந்து தொடங்கினேன்.

பலகைக்கு அங்காலும் அதே சோளம்தான். அதே ஏரி, கொஞ்சம் மற்றப் பக்கமாய்த் தெரிந்தது. ஏரி முடியும் இடத்தில் ஒரு பாலம், பிறகு சிறு ஏற்றம். ஒரு பெண் முற்றத்தில் படுக்கை விரிப்புக் காயப்போட்டுக்கொண்டு எனக்கு வணக்கம் சொன்னாள். பொலிஸ் இல்லை. எங்கள் ஆட்களும் ஒருவரும் இல்லை. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். எல்லாமாக ஒன்பது கிலோமீட்டர். எனக்கு ஐம்பது நிமிடம் எடுத்தது. அவருக்கு இருபது நிமிடம் போதும்.

கறுப்பும் வெள்ளையுமான பிரிபூர்க் பலகை வந்ததும் காலை ஊன்றி நின்றேன். பிறகு மோத்தியேக்குள் உருண்டேன். நான் வந்திராத ஊர், ஆனால் வழி கேட்கத் தேவைப்படவில்லை. நாயைக் காணவில்லை, எட்டு வருடமாயிற்று, அதுவும் இருக்காது. திரும்பி வரும்போது வளைவு தாண்டினால் வலது பக்கம் கல்தொட்டியும் தண்ணீர்க் குழாயும் வரும் என்று சொல்லியிருந்தார். வியர்த்த உடம்போடு உடனே குடிக்கக் கூடாது, முதலில் மணிக்கட்டு இரண்டையும் குழாயின் கீழே பிடிக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

வலது பக்கம் இருந்தது. சைக்கிளைச் சாத்திவிட்டு மணிக்கட்டுகளைப் பிடித்தேன். மிகவும் குளிர்ந்த தண்ணீர்.