சுறா வறையும் மண்டை நரம்பும்

உயர்தர வகுப்பில் தவளை வெட்டக் கொடுத்த முதல் நாளே நான் மயங்கி விழுந்தேன். கத்தரிக்கோலை எடுத்ததுவரை நினைவிருக்கிறது. கண் விழித்தபோது ஆய்வுகூடத்தின் சீமெந்துத் தரையில் கிடந்தேன். விலங்கியல் மாஸ்டர் வரவு பதியும் இடாப்பால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். குளோரோஃபோம் போதாமல் தவளைக்கும் மயக்கம் தெளிந்துவிட்டதாம். அது எனக்கு முந்தியே எழும்பி, யன்னலால் பாய்ந்து போயிருந்தது.

மறுநாளிலிருந்து என்னைக் கண்டதும் பொடியன்கள் யன்னல்களைச் சாத்தத் தொடங்கினார்கள்.

மீன் வெட்டாத நாளே இல்லாத வீட்டில் வளர்ந்தவள் நான். ஆனாலும் அந்த மருந்து மணமும், கால்களை விரித்து ஊசி குத்திய கோலமும் எனக்குப் பழகாதவை. அடுத்த முறையும் விழுந்தேன். கலைப்பிரிவுக்கு மாறப் போகிறேன் என்று தோழியிடம் சொன்னேன். அவள் கிண்ணியாக்காரி. தினமும் 'பாதை' என்கிற மிதவைப் படகில் துறை கடந்து, பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வருபவள். எதற்கும் அசையமாட்டாள்.

"மயங்கத்தான் போறாய் எண்டால் குந்தியிருந்து மயங்கு," என்றாள். "விழாமலாவது இருப்பாய்."

பிறகு சனிக்கிழமைகளில் எங்கள் குசினியில் பயிற்சி என்று அவளே தீர்மானித்தாள். பரீட்சைக்குச் சுறாவின் மண்டை நரம்புகளும் வரும். கடற்கரையில் வாங்கிய சுறாக்குட்டியைப் பலகையில் வைத்து, நான் ஸ்டூலில் குந்தியிருந்து வெட்டினேன். அம்மா ஒரேயொரு நிபந்தனை போட்டா: சதை பழுதாகக் கூடாது, அன்றைய கறி அதுதான். நான் நரம்பைத் தேடும்போது அம்மா வெங்காயம் அரிந்துகொண்டு நிற்பா.

"கெதியாப் பார் பிள்ளை. தேங்காய் துருவி வைச்சாச்சு."

தலை சுற்றினால் முழங்காலில் முகம் புதைத்துக் கொஞ்சம் இருப்பேன். தோழி வேடிக்கை பாராமல் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருப்பாள். சுற்று நின்றதும் விட்ட இடத்தில் தொடங்குவேன். போகப்போக முழங்காலுக்குப் போவது குறைந்தது. வீட்டில்தான் சனிக்கிழமைச் சாப்பாடு சலித்துவிட்டது. தேங்காய்ப்பூவோடு உதிர்த்து வறுத்த சுறா வறையைக் கண்டால் ஐயா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, வேறு மீன் படிக்கேலாதோ என்று கேட்பார்.

செய்முறைப் பரீட்சையில் எனக்குச் சுறாவே வந்தது. இருந்தபடி வெட்டலாமா என்று கேட்டேன். மேற்பார்வைக்கு வந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டார். நடுவில் ஒருதரம் காது அடைத்தது. தலையைக் குனிந்து மூச்சு விட்டேன். நிமிர்ந்தபோது நரம்பு அங்கேயேதான் இருந்தது. வெட்டி முடித்துக் கொடுத்தேன்.

வெளியே தோழி வேலியோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். எதற்கும் அசையாதவள் கை தவறி முக்கியமான நரம்பை அறுத்துவிட்டாளாம். குந்தியிருந்து அழு என்றேன். அவள் அழுகையோடேயே சிரித்தாள். இரண்டு பேரும் மாங்காய் அச்சாறு வாங்கித் தின்றபடி பஸ்ஸுக்கு நடந்தோம்.

பெறுபேறு வந்தபோது இருவரும் சித்தியடைந்திருந்தோம். விலங்கியலில் அவளுக்குத்தான் என்னைவிட நல்ல பெறுபேறு. சுறா வாங்குவதை அம்மா நிறுத்திக் கனகாலமாகியிருந்தது.